நாற்பது விநாடி

மவுஸ் நின்றுபோனால் அதன் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். நான் குடியிருக்கும் மாடியின் வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கெல்லாம் ஒரு ஆபீசா?" என்று கேட்டார். அதற்குத்தான் சரவணம்பட்டியில் ஏழு மாடியில் ஆபீஸ் இருக்கிறது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

எங்கள் மவுஸில் பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. உள்ளே ஒரு சின்னக் காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். கை அசைந்தால் மவுஸ் அசையும், மவுஸ் அசைந்தால் காந்தம் அசையும், அதில் கொஞ்சம் மின்சாரம் வரும். வந்ததை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யும். பேட்டரிக் குப்பை குறையும் என்று சொல்லித்தான் முதலில் விற்றார்கள். ஓரளவு விற்றது.

பிறகுதான் யாரோ ஒரு புத்திசாலிக்கு அது தோன்றியது. மற்ற மவுஸ்கள் நிற்க ஆயிரம் காரணம் உண்டு. பேட்டரி தீரும், வயர் போகும், கரண்ட் போகும். எங்கள் மவுஸ் நிற்க ஒரே காரணம்தான்: அதன் மேல் கை இல்லை. வீட்டில் தனியாக இருந்து வேலை செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்ட காலம் இது. அவர்களுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? மவுஸுக்குத் தெரியும். அதனால் உள்ளே அரிசி அளவு ஒரு சிம்மையும் வைத்தார்கள். கை அசையும்வரை எங்கள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பன்னிரண்டு மணி நேரம் அசைவில்லை என்றால் மின்சாரம் வடிந்து புள்ளி இருண்டுவிடும். உடனே நாங்கள் கூப்பிடுவோம். நடுவில் அவசரம் என்றால் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் போதும், புள்ளி சிவப்பாகும், ஆம்புலன்ஸ் போகும். இந்தச் சேவைக்குக் கைக்காவல் என்று பெயர். பெயர் வைத்தவர் வேறு ஏதும் யோசிக்கவில்லை என்பது கேட்டாலே தெரியும்.

கூப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஊருக்குப் போயிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள். "மேசை மேல வெச்சு நாற்பது விநாடி வட்டமா ஆட்டுங்க சார், எந்திரிச்சுக்கும்" என்போம். காலியாகிப்போன மவுஸ் விழிக்க நாற்பது விநாடி விடாமல் ஆட்ட வேண்டும். இந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் எழுப்ப ஆள்தான் இல்லை.

என் பெயர் தெய்வானை, வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஒன்று நடந்து முடிந்துபோன கதை. தனியாக இருக்கிறேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஆனால் பண்டிகை நாள் டூட்டி போடும்போது எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேவை தொடங்கிய முதல் வருடம் ஆயுத பூஜை வந்தது. இந்த ஏற்பாட்டையெல்லாம் வடிவமைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அவர்கள் ஊரில் ஆயுத பூஜை இல்லை. காலை ஏழு மணிக்குள் பதினோராயிரம் புள்ளிகள் இருண்டன. எல்லோரும் மவுஸைத் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டார்கள். மறுநாள் விஜயதசமிவரை தொட மாட்டார்கள். நாங்கள் ஆறு பேர். பதினோராயிரம் பேரைக் கூப்பிட வேண்டும்.

"பூஜை பண்ற நேரத்துல போனைப் போட்டு உசுரோட இருக்கியான்னு கேக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" என்று ஒரு அம்மா கத்தினார். அவர் கேட்டது நியாயம்தான்.

அந்த வாரமே நான் உட்கார்ந்து ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். பூஜைக்கு முதல் நாள் மாலை ஆறு மணியிலிருந்து விஜயதசமி காலை பதினொன்றுவரை எந்தப் புள்ளி இருண்டாலும் கூப்பிட வேண்டாம். அவ்வளவுதான் விதி. மேலே இருப்பவர்கள் கைதட்டினார்கள். என் போட்டோவைச் சட்டம் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். லிஃப்ட் ஓடாத நாட்களில் எல்லோரும் படிக்கட்டில் போய்விடுவதால் அதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் வருட பூஜை அன்று நான் மட்டும் ஆபீஸில். விதி வேலை செய்தது, போன் ஒன்றும் இல்லை. திரையில் தமிழ்நாடு முழுக்க இருண்டு கிடந்தது. பூஜை வழக்கம் இல்லாத வீடுகளில் நூறு இருநூறு புள்ளிகள் விட்டு விட்டு மின்னின. அதில் ஒண்டிப்புதூரில் ஒன்று மட்டும் காலை ஐந்து மணியிலிருந்து மூச்சுவிடாமல் எரிந்துகொண்டிருந்தது. பெயரைப் பார்த்தேன். பொன்னுரங்கம், வயது அறுபத்தெட்டு, தனியாள். தொடர்புக்கு உரியவர் என்ற இடத்தில் தன் நம்பரையே போட்டிருந்தார்.

கூப்பிடக் கூடாது. கூப்பிட்டேன்.

"மவுசு ஓடிட்டுத்தானே இருக்குது? அப்பறம் எதுக்குங்க போனு?" என்றது குரல்.

"ஓடறதுனாலதானுங்க சார் கூப்பிட்டேன். இன்னிக்கு ஆயுத பூஜைங்க."

"தெரியுமுங்க."

"பூஜை போடலீங்களா?"

சிரித்தார். "மில்லுல முப்பத்திரண்டு வருசம் மெயின்டனன்ஸ்ல இருந்தேனுங்க. பூஜைன்னா மெசினெல்லாம் கழுவி, வாழைக்கன்னு கட்டி, பொரி குடுப்போம். அத்தனை மெசினும் ஒண்ணா நின்னு போச்சுன்னா காதுக்குள்ள கொய்ய்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க. அன்னிக்கெல்லாம் அது சொகமா இருந்துச்சு. ஊட்டுக்குப் போனா ராசாத்தி இருந்தா. இப்ப எல்லா நாளும் ஊடே அப்படித்தானுங்க இருக்குது. நானும் கைய எடுத்துட்டேன்னா அப்பறம் ஒண்ணுமே இல்லீங்க."

எழுதிக் கொடுத்திருக்கும் வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். பம்புசெட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பதாகச் சொன்னார். அன்று வரைந்துகொண்டிருந்தது தண்ணீர் தள்ளும் சக்கரம் என்றார். சக்கரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் போனை வைக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் புள்ளி இருண்டது. பதறிப்போய்க் கூப்பிட்டேன். "சும்மாதானுங்க, கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன்" என்றார். நாற்பது விநாடி ஆட்டச் சொன்னேன். "எங்க மில்லுல இருக்கற பெரிய மோட்டாரே ஆறு செகண்டுல எந்திரிச்சுக்கும். இதுக்கென்னங்க நாப்பது செகண்டு?" என்றார். சும்மா விடவில்லை, காரணம் வேண்டும் என்றார். லேபில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வியாழக்கிழமை, மறுபடி பன்னிரண்டு மணி.

"கேட்டீங்களா அம்மிணி?"

"கேட்டேனுங்க. அசைஞ்சதை உள்ளுக்குள்ள எழுதி வெச்சுக்கறதுக்குக் கொஞ்சம் கரண்டே போதுமாமுங்க. அதை சிம்முல அனுப்பறதுக்குத்தான் நெறைய வேணுமாமா. அது சேரத்தான் நாப்பது விநாடி."

"நடுவுல நிறுத்திட்டா?"

"எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி விடாம அசைஞ்சுதுன்னு எழுதி மட்டும் வெச்சுக்குமுங்க. வெளிய சொல்லாது. சேர்ந்த கரண்டும் கொஞ்ச நேரத்துல வடிஞ்சு போயிரும். மறுபடி முதல்ல இருந்துதான்."

"அட பாவமே, வாயில்லாப் பூச்சி" என்றார்.

எங்கள் டீம் தலைவி ஹரிணிக்கு இருபத்தெட்டு வயது, நல்ல பெண். ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இந்த ஒண்டிப்புதூர் சாருக்கு மாசம் ரெண்டு தடவை சைலன்ஸ் வருது. மவுஸ் ரிப்பேரா?"

"மவுஸ் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"பேச ஆள் வேணும்னா நிறுத்தறாரு. நிறுத்தினா நாம கூப்பிடுவோம்ல."

ஹரிணி லேப்டாப்பை மூடினாள். "அதுக்கு நம்ம சர்வீஸ்ல ஆப்ஷன் இல்லையே அக்கா" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் என் சொந்த நம்பரை அவருக்குக் கொடுத்தேன். இனிமேல் பேசத் தோன்றினால் நேராகக் கூப்பிடுங்கள், மவுஸை நிறுத்தி விளையாட வேண்டாம், நிஜமாகவே ஒன்று ஆகும்போது நாங்கள் விளையாட்டென்று விட்டுவிட்டால் என்ன ஆவது என்று கொஞ்சம் கடிந்தே சொன்னேன். "செரிங்க அம்மிணி" என்றார். அதன் பிறகு ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை, பொங்கலுக்கு ஒரு தடவை, என் பிறந்த நாளுக்கு ஒரு தடவை தவிர. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கடிந்து சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணி ஆனால் திரையில் அவர் புள்ளியைத் தேடுவேன். பச்சையாக இருக்கும். நல்லது என்று நினைத்துக்கொள்வேன். ஏமாற்றமாகவும் இருக்கும்.

மூன்றாம் வருட பூஜைக்கு இரண்டு நாள் முன்பு நானே கூப்பிட்டேன்.

"சார், இந்த வருஷமாச்சும் ஒரு நாள் அதுக்குப் பொட்டு வெச்சு ஓய்வு குடுங்க. உங்களுக்கும்தான்."

"நானு யாருக்குங்க பூஜை போடறது?"

"எனக்குப் போடுங்க. விஜயதசமி அன்னிக்கு பதினொரு மணிக்கு எனக்கு டூட்டி முடியுது. நேரா உங்க ஊட்டுக்கு வரேன். பொரி கடலை எல்லாம் தயாரா இருக்கணும்."

மறுமுனையில் ஃபேனை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தானுங்க. நான் வந்து பார்ப்பேன், பொட்டு இருக்கணும். அதுக்கு முன்னாடி தொட்டீங்கன்னா இங்கே திரையில தெரிஞ்சிரும்."

"தொடலீங்க, தொடலீங்க" என்று குழந்தை மாதிரி சொன்னார்.

பூஜைக்கு முதல் நாள் மாலை ஐந்தரை மணியோடு அவர் அசைவு நின்றது. மறுநாள் காலை நான் டூட்டிக்கு வந்தபோது ஒண்டிப்புதூர் இருண்டிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த இருட்டைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாதாரண நாளாக இருந்தால் அப்போதே கூப்பிட்டு நாற்பது விநாடி ஆட்டச் சொல்லியிருப்பேன். மவுஸ் விழித்திருக்கும். ஆனால் அன்று பூஜை. விதி நான் எழுதியது. அன்று முழுக்க அடிக்கடி அந்த இருண்ட புள்ளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான்.

விஜயதசமி காலை புள்ளிகள் ஒவ்வொன்றாக விழித்தன. சேலம், கரூர், மதுரை. பத்தரை மணிக்குக் கோயம்புத்தூரில் பாதி பச்சை. அவர் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருப்பார், இல்லை நான் வந்து எடுக்கட்டும் என்று வைத்திருப்பார் என்று நினைத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பதினொன்று அடித்ததும் என் சொந்த போன் அடித்தது. எடுத்தால் என் குரலே பேசியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பதிவு செய்து கொடுத்த அறிவிப்பு.

"வணக்கம், கைக்காவலில் இருந்து பேசுகிறோம். திரு பொன்னுரங்கம் அவர்களிடமிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அசைவு இல்லை. தொடர்புக்கு உரியவராக உங்களைப் பதிவு செய்திருக்கிறார்."

எப்போது மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்கவும் இல்லை. அவர் நம்பருக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

ஒண்டிப்புதூருக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கோலம் இருந்தது. ஆண் கை போட்ட கோலம், புள்ளியெல்லாம் கோணல். ஒரு நாள் பழசு, ஓரமெல்லாம் கலைந்திருந்தது. எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா பூ வியாபாரம் செய்கிறவர், அவரிடம் ஒரு சாவி இருந்தது.

"நேத்துக் காலைல எங்கிட்டத்தாங்க சாமந்தி வாங்கிட்டுப் போனாரு. யாரோ வராங்கன்னு அத்தனை சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.

மேசைக்குக் கீழே கிடந்தார். வலது பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிறவர் போல. பூஜைக்கு விரித்த துணி மேசையிலிருந்து பாதி இழுபட்டுத் தரையில் கிடந்தது. பொரி எங்கும் சிதறியிருந்தது. போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. மவுஸ் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தரையில் இருந்தது. அதன் முதுகில் சந்தனம் காய்ந்திருந்தது, குங்குமம் மட்டும் இல்லை. குங்குமம் அவர் உள்ளங்கையில் இருந்தது. பொட்டு வைத்தபோது ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூர்ஜஹான் அக்கா வாய்விட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், யாரோ வந்து கையைப் பிடித்து எழுப்பும்வரை.

ஈரோட்டிலிருந்து அவர் அக்கா மகள் இந்துமதி வந்து காரியமெல்லாம் செய்தார். பதினாறாம் நாள் என்னையும் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"இது உங்க கம்பெனிதுன்னாங்க அக்கா. வேற யாரும் தொடலைங்க, அன்னிக்கே சுத்தி வெச்சுட்டேன்."

வாங்கிக்கொண்டேன்.

"டாக்டர் ஹார்ட்டுன்னாரு. ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னாரு. அது ஒண்ணுதானுங்க அக்கா எனக்கு ஆறுதல். நாங்க யாரும் அடிக்கடி வந்து பார்க்கலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒண்டிப்புதூரில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். சிங்காநல்லூர் தாண்டிப் பாலம் கட்டுகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன், கைக்காவல் செய்தி.

"பொன்னுரங்கம் — கை திரும்பியது."

ஒரு விநாடி நம்பிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, நம்பினேன். சிரித்திருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள். பிறகுதான் மடியில் பை குலுங்குவது உறைத்தது. அவர் கை இல்லை. பஸ் ஆட்டுகிறது. பஸ்ஸின் ஆட்டத்தில் காந்தம் ஆடி, நாற்பது விநாடி ஆகி, மவுஸ் விழித்துவிட்டது.

விழித்தது சும்மா இருக்கவில்லை. உள்ளுக்குள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் அனுப்பியது. தொடர்புக்கு உரியவள் நான் அல்லவா, எனக்கே வந்தது.

பூஜை நாள், பிற்பகல் 2.47. அசைவு, முப்பத்தொரு விநாடி.

பிற்பகல் 3.20. அசைவு, பதினான்கு விநாடி.

பிற்பகல் 4.05. அசைவு, ஐந்து விநாடி.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, பஸ்வரைக்கும்.

அவர் விழுந்ததும் மேசைத் துணியை இழுத்து மவுஸைக் கீழே கொண்டுவந்திருக்கிறார். விழிக்க வைத்தால் இரண்டு பொத்தானையும் அழுத்தலாம். நாற்பது விநாடி ஆட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். எண்ணிக்கொண்டே ஆட்டியிருப்பார். மில்லில் மோட்டார் எழுந்திருப்பதை எண்ணிப் பழகிய மனுஷன். முப்பத்தொன்றில் கை நின்றுவிட்டது. ஒன்பது விநாடி போதவில்லை. தெம்பு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. அந்த மவுஸைக் காலியாக வைக்கச் சொன்னது நான். 2.47-க்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாட்ச்மேன் கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டு அவர் புள்ளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் அழுகை வந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. இந்துமதி.

"அக்கா, மாமாவோட நம்பரை என் போனுக்கு மாத்தி வெச்சிருந்தேனுங்க, அதுல ஏதோ மெசேஜ் வந்துச்சு. கை திரும்பியதுன்னு. பயந்துட்டேனுங்க அக்கா. என்னதுங்க அது?"

"பஸ்ஸு குலுங்குனதுல மவுஸு ஆடிருச்சுங்க. வேற ஒண்ணுமில்லை."

"வேற ஒண்ணும் தெரியலீங்களே?"

"ஒண்ணும் தெரியலைங்க" என்றேன்.

அந்தப் பொய்யை நான் இன்னும் திருத்தவில்லை. திருத்துவேனா என்றும் தெரியாது. இந்துமதியிடம் ஆறுதல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆபீஸில் மட்டும் பொய் சொல்லவில்லை. மறுநாள் ஹரிணியிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவள் மூன்று வரியையும் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, இந்த மூணு வரி உங்க போனுக்கு மட்டும்தான் வந்திருக்கு. நாளைக்கு அவரோட கணக்கை மூடப் போறோம், மூடினா அழிஞ்சிரும். அந்த ரூல் எழுதினது நீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்…"

"தெரியட்டும். மேல அனுப்பு."

அனுப்பினாள். விசாரணை என்று நான்கு பேர் சென்னையிலிருந்து வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். விதியை எடுத்துவிட்டார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த போட்டோவையும் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் தீயணைக்கும் சிலிண்டர் வந்திருக்கிறது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தனியாக இருக்கும் ஒவ்வொருவரையும் நாங்கள் கூப்பிட்டோம். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. பூஜை நேரத்தில் இது என்ன அபசகுனம் என்று பலர் திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன். திட்டுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் மட்டும், திருச்சியில், திட்டாமல் அரை மணி நேரம் பேசினார். நானும் வைக்கவில்லை.

போன வாரம் புது மாடல் வந்தது. சோதித்துப் பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார்கள். கூட ஒரு காகிதம். புதிய வசதிகள் என்று எழுதி, மூன்றாவதாக, காலியான மவுஸ் இனி நாற்பதுக்குப் பதில் முப்பதே விநாடியில் விழித்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. உங்கள் நேரம் மிச்சம் என்றும் போட்டிருந்தது. ஏன் முப்பது, ஏன் முப்பத்தைந்து இல்லை என்று யாருக்கும் தெரியாது. ஹரிணிக்குத் தெரியும். என் மேசையைத் தாண்டிப் போகும்போது நிற்காமல் போனாள், தோளை மட்டும் தொட்டுவிட்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்து பதிவு செய்தேன். பெயர், வயது, தனியாள். தொடர்புக்கு உரியவர் என்ற இடத்தில் என் நம்பரையே போட்டேன். பிறகு மவுஸை மேசை மேல் வைத்து, வட்டமாக, எண்ணிக்கொண்டே ஆட்டினேன். சரியாக முப்பதில் புது மாடலின் பச்சை விளக்கு எரிந்தது. நான் முப்பத்தொன்றுவரை ஆட்டிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.